முதலாளிக்குத் திறக்காத ஃபோல்டர் பையனுக்குத் திறப்பது ஏன்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மேனேஜராக இருக்கிறேன். ஒன்பது கம்ப்யூட்டர்கள். ஆடிட்டர் சார் அறையில் இருக்கும் விண்டோஸ் 10 ப்ரோ மெஷினைத்தான் சர்வராக வைத்திருக்கிறோம். அதில் ஷேர் செய்த ஃபோல்டர் எல்லாருக்கும் இசட் டிரைவாக வரும், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. புதிதாக வாங்கிய இரண்டு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் மட்டும் இசட் டிரைவ் வரவே இல்லை. கெஸ்ட் அனுமதி தடுக்கப்பட்டிருக்கிறது என்று ஏதோ சொல்கிறது. இந்த வருடத்துக்காகத் தனியாக ஷேர் செய்த ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டர்களில் திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை. செக்யூரிட்டியில் எல்லா டிக்கும் இருக்கிறது, சர்வரில் உட்கார்ந்து செய்தால் சேமிக்கவும் முடிகிறது. இதைவிடப் பெரிய குழப்பம் 'பார்ட்னர்' ஃபோல்டர். ஆர்ட்டிகிள் பசங்க (ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் மாணவர்கள்) பார்க்கக் கூடாது என்று அதில் 'யூசர்ஸ்' என்பதற்கு டினை, அதாவது அனுமதி மறுப்பு, போட்டோம். இப்போது சாருக்கே திறக்கவில்லை, வெளியே ஒரு பையன் சிஸ்டத்தில் திறக்கிறது! டேலியில் சில நேரம் இசட் டிரைவே தெரிவதில்லை. சர்வீஸ் செய்பவர், 'எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து, ஃபயர்வாலை அணைத்து, எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும்' என்கிறார். செய்ய விடலாமா?

பதில்:

வணக்கம். வேண்டாம், அந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய விடாதீர்கள். உங்கள் சர்வரில் இருப்பது வாடிக்கையாளர்களின் பான் எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, வீட்டுப் பத்திரம். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. கையில் இருக்கும் தனிநபர் தரவைத் தகுந்தபடி பாதுகாக்க வேண்டும் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

எஸ்எம்பி 1 என்பது ஃபைல் பகிர்வதற்கான மிகப் பழைய முறை. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் முடக்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் வைரஸ் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர்கள் எதற்கும் அது தேவையில்லை. ஃபயர்வாலையும் இதில் குறை சொல்ல முடியாது. அது தடுத்திருந்தால் மற்ற கம்ப்யூட்டர்களில் இசட் டிரைவ் வந்திருக்காதே.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அனுமதிப் பட்டியலில் யாருக்கு என்ன டிக் என்று பார்ப்பதற்கு முன்னால், வந்து நிற்பவரை சர்வர் யாராக எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் சர்வரைப் பொறுத்தவரை வெளியே உட்கார்ந்திருக்கும் யாருக்குமே பெயர் கிடையாது. எல்லாரும் 'கெஸ்ட்'.

இதை நீங்களே பார்க்கலாம். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ் போங்கள். அந்த நேரத்தில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பெயரில் உள்ளே வந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். வலது ஓரத்தில் 'கெஸ்ட்' என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் ஆபீசில் அந்தப் பத்தி முழுக்க 'யெஸ்' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். எப்போதோ யாரோ 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆஃப் செய்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு கேட்காமல் வருவதற்குக் காரணம் அதுதான். அனுமதிப் பிரச்சினை என்று யார் என்னிடம் வந்தாலும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறக்கச் சொல்வேன்.

இப்போது பார்ட்னர் ஃபோல்டருக்கு வாருங்கள். 'யூசர்ஸ்' என்றால் சாதாரணப் பணியாளர்கள் மட்டும் என்று நினைத்து டினை போட்டிருக்கிறீர்கள். விண்டோஸில் அந்தக் குழுவுக்குள் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற இன்னொரு குழு முதலிலிருந்தே அடங்கியிருக்கிறது. அதாவது முறைப்படி லாகின் செய்து வரும் எல்லாரும் அதில் உண்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் உட்பட. ஆடிட்டர் சார் தன் பெயரில் லாகின் செய்கிறார், ஆகவே அவரும் யூசர்ஸ். ஒரே இடத்தில் அனுமதியும் டினையும் நேரடியாகப் போட்டிருந்தால் டினைதான் ஜெயிக்கும். சார் வெளியே நிற்கிறார். அந்தப் பையனோ கெஸ்ட்டாக வருகிறான். கெஸ்ட்டாக வருபவர் ஆதென்டிகேட்டட் யூசர்ஸில் சேரமாட்டார், யூசர்ஸிலும் சேரமாட்டார். நீங்கள் போட்ட டினை அவனைத் தொடவே இல்லை. ஆனால் 'எவ்ரிஒன்' என்பதில் கெஸ்ட்டும் உண்டு. அந்த ஃபோல்டரின் பட்டியலில் எங்கோ எவ்ரிஒன்னுக்கு ஒரு வரி இருக்கிறது, அதன் வழியாக உள்ளே போகிறான். பையன் தப்பாக எதுவும் செய்யவில்லை, அவனைத் திட்ட வேண்டாம். அந்த அறையில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி திறக்கும்.

புதிய இரண்டு கம்ப்யூட்டர்களின் கதையும் இதுவேதான். 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ வகைக் கம்ப்யூட்டர்கள் கெஸ்ட்டாகப் போய் ஒரு சர்வரைத் திறக்க மறுக்கின்றன. வந்து போகும் தகவலில் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. கெஸ்ட் இணைப்பில் அந்தக் கையெழுத்துக்கு வழியே இல்லை. இந்தத் தடையைப் பாலிசியில் தளர்த்தும் வழியைப் பலர் சொல்லித் தருவார்கள், தளர்த்தினால் அன்றைக்கே இசட் டிரைவ் வந்தும்விடும். ஆனால் உங்கள் ஏழு பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் அதே ஓட்டையைப் புதிய இரண்டிலும் போட்டதுதான் மிச்சம். மாற வேண்டியது சர்வர்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு பெயர் கொடுப்போம். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டிலேயே 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' இருக்கிறது. ஹோம் பதிப்பில் இது இருக்காது, உங்களுடையது ப்ரோ என்பதால் கவலையில்லை. பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனித் தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் போடுங்கள். பாஸ்வேர்டு காலியாக இருந்தால் நெட்வொர்க் வழியாக வர விண்டோஸ் விடாது. அப்புறம் இரண்டு குழுக்கள் உருவாக்குங்கள்: ஒன்று ஸ்டாஃப், இன்னொன்று பார்ட்னர். ஆட்களைக் குழுவில் சேர்ப்பது, அனுமதியைக் குழுவுக்குக் கொடுப்பது. இனிமேல் எந்த ஃபோல்டரிலும் தனி ஆள் பெயரில் அனுமதி போடாதீர்கள். ஆர்ட்டிகிள் பசங்க மூன்று வருடம்கூட இருப்பதில்லை. ஆள் மாறும்போதெல்லாம் நூறு ஃபோல்டர்களைத் தேடித் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

கணக்குகள் தயாரானபின் பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் கிடைக்கும். அந்த நொடியே எல்லாருக்கும் இசட் டிரைவ் போய்விடும், பதற வேண்டாம். இதனால்தான் இந்த வேலையை ஆபீஸ் முடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அதுவும் ரிட்டர்ன் தாக்கல் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் வேண்டவே வேண்டாம். தொடங்கும் முன் முழு ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். முக்கிய ஃபோல்டர்களின் செக்யூரிட்டி பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்தாலும் பின்னால் உதவும்.

இனி டிக் விஷயம். நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டு தடைகளைத் தாண்டியாக வேண்டும். ஷேர் அனுமதி வாசல் கேட் என்றால் செக்யூரிட்டி பக்கத்தில் இருப்பது அறைப் பூட்டு. இரண்டில் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் கடைசியில் நிற்கும். சர்வரில் நேரடியாக உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அவருக்கு கேட் கிடையாது. இந்த வருட ஃபோல்டர் சர்வரில் சேமிக்க விட்டு மற்ற இடங்களில் விடாததற்கு இதுதான் காரணம். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாக ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால், விண்டோஸ் தானாக எவ்ரிஒன்னுக்கு 'ரீட்' (படிக்கும் அனுமதி) மட்டும்தான் கொடுக்கும். நீங்கள் செக்யூரிட்டி பக்கத்தில் எத்தனை டிக் போட்டாலும் அந்த ரீட்டைத் தாண்ட முடியாது.

இதில் என் வழி, ஷேர் அனுமதியை ஒரே மாதிரி வைத்துவிட்டு அதை மறந்துவிடுவது. இசட் டிரைவாக வரும் ஆபீஸ் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் போய் எவ்ரிஒன்னை எடுத்துவிட்டு ஆதென்டிகேட்டட் யூசர்ஸைச் சேர்த்து 'சேஞ்ச்' கொடுங்கள். அவ்வளவுதான். யார் எந்த அறைக்குப் போகலாம் என்பதை முழுக்க செக்யூரிட்டி பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் ஆளாளுக்கு டிக் போட ஆரம்பித்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் புரியாது. அப்புறம், ஷேர் என்பது ஒன்றே ஒன்று போதும். இந்த வருட ஃபோல்டரின் தனி ஷேரை நீக்கிவிட்டு, அதை ஆபீஸ் ஃபோல்டருக்குள்ளேயே கொண்டு வாருங்கள். கொண்டு வரும்போது கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல்கள் பழைய அனுமதியோடேயே போய்ச் சேரலாம். காப்பி செய்தால் போய்ச் சேரும் இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். எல்லாம் திறக்கிறது என்று பார்த்தபின் பழையதை அழிக்கலாம்.

ஆபீஸ் ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போய், முதலில் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுங்கள், அதாவது மேலிருந்து அனுமதி தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இருக்கும் அனுமதிகளை மாற்றி வைத்துக்கொள்ளவா, நீக்கவா என்று கேட்கும், மாற்றி வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். ஃபோல்டர் டி டிரைவில் இருந்தால், அந்த டிரைவின் மேல்மட்டத்தில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு 'மாடிஃபை' அனுமதி முதலிலேயே இருக்கும், அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் யாரையும் தடுக்க முடியாது. பிறகு பட்டியலில் எவ்ரிஒன், யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டும் ஃபுல் கன்ட்ரோலோடு அப்படியே இருக்கட்டும். ஸ்டாஃப், பார்ட்னர் குழுக்களுக்கு மாடிஃபை.

ஃபுல் கன்ட்ரோல் ஏன் வேண்டாம்? மாடிஃபை இருந்தாலே படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஃபுல் கன்ட்ரோலில் கூடுதலாகக் கிடைப்பது அனுமதியை மாற்றும் உரிமையும், ஃபோல்டரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும். அவை இரண்டும் ஸ்டாஃபுக்குத் தேவையில்லை. பசங்க எழுதலாம், அழிக்கக் கூடாது என்று 'ரைட்' (எழுதும் அனுமதி) மட்டும் கொடுத்துப் பார்க்கத் தோன்றும். எக்செல்லும் வேர்டும் அதில் சேமிக்காது. அவை சேமிக்கும்போது ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பழையதை நீக்கி, பெயரை மாற்றி வைக்கின்றன. அழிக்கும் உரிமை இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். அழிந்துவிடுமோ என்ற பயத்துக்கு மருந்து தினசரி பேக்கப்தான். கையெழுத்தாகி முடிந்த வருடங்களின் ஃபோல்டர்களில் மட்டும் ஸ்டாஃபுக்கு ரீட் என்று குறைத்துவிடுங்கள். 2023-24-இன் இறுதிக் கணக்கை இனி யாரும் திருத்தப் போவதில்லை.

பார்ட்னர் ஃபோல்டருக்கு டினை தேவையே இல்லை. இருக்கும் டினை வரியை நீக்குங்கள், அங்கேயும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்துங்கள், எவ்ரிஒன் இருந்தால் எடுங்கள், ஸ்டாஃபையும் எடுங்கள். பட்டியலில் இல்லாதவருக்கு அனுமதி இல்லை, அதுவே போதும். டினை போட்டதால் சாருக்கு செக்யூரிட்டி பக்கமே திறக்காமல் போயிருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டராக அட்வான்ஸ்டு போய் மேலே ஓனர் என்ற இடத்தில் 'சேஞ்ச்' கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபோல்டரின் ஓனருக்கு எந்த டினை இருந்தாலும் அனுமதியை மாற்றும் உரிமை போகாது. சார் அட்மின் என்றாலும் அவரை பார்ட்னர் குழுவில் மறக்காமல் சேருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 'உங்களுக்கு அனுமதி இல்லை, கன்டினியூ?' என்று கேட்கும். கன்டினியூ அழுத்தினால் அவர் பெயரில் அந்த ஃபோல்டரில் ஒரு தனி வரி விழும். பல ஆபீஸ்களில் அனுமதிப் பட்டியல் குப்பையாவது இப்படித்தான்.

உள்ளே பழைய ஃபைல்கள் சில இன்னும் அடம்பிடிக்கலாம். அதற்கு அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில், உள்ளிருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் இந்த ஃபோல்டரின் அனுமதியாக மாற்று என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை ஆபீஸ் ஃபோல்டரில் முதலில் செய்துவிட்டு, பார்ட்னர் ஃபோல்டரையும் முடிந்த வருடங்களையும் அதற்குப் பிறகு தனியாக அமையுங்கள். வரிசை மாறினால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட தனி அனுமதியெல்லாம் ஒரே அழுத்தில் அழிந்து, பார்ட்னர் ஃபோல்டர் மறுபடியும் எல்லாருக்கும் திறந்துவிடும். சி டிரைவில் இந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்ற இடத்தில் ஒரு ஆர்ட்டிகிள் மாணவரின் பெயரைக் கொடுத்து, அவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

இனி ஒவ்வொரு மேசைக்கும் போக வேண்டும். பழைய இசட் டிரைவைத் துண்டித்துவிட்டு, கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் சர்வர் சம்பந்தமாகப் பழையது ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு, சர்வரின் பெயர், அந்தப் பணியாளரின் சர்வர் கணக்கு, பாஸ்வேர்டு மூன்றையும் புதிதாகச் சேருங்கள். கணக்கின் பெயரை எழுதும்போது சர்வர் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிறகு ஆள் பெயர் என்று எழுதினால் குழப்பம் வராது. கம்ப்யூட்டரைத் திறக்கும் 'பின்' நம்பரை இங்கே போட்டால் வேலை செய்யாது, அது அந்த மெஷினுக்கு மட்டுமே உரியது. பிறகு 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' டிக்கோடு டிரைவை மறுபடி மேப் செய்யுங்கள், அதாவது அந்த ஷேரை இசட் என்ற எழுத்தோடு இணையுங்கள். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது, 1219 என்ற பிழை எண் வந்தால் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சைன் அவுட் செய்து வந்தால் போய்விடும். ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தபோதும் அவர் ஒருமுறை சைன் அவுட் செய்து வர வேண்டும். குழு விவரம் இணையும் நேரத்தில்தான் பதிவாகும். சேர்த்தேன், வேலை செய்யவில்லை என்று டிக்குகளை மாற்றிக்கொண்டே போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மேப் செய்யும்போது எல்லா இடத்திலும் சர்வரின் பெயரையே கொடுங்கள். சிலதில் பெயர், சிலதில் ஐபி எண் என்று இருந்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டு ஒன்றுக்கு உதவும், இன்னொன்றுக்கு உதவாது. சர்வர் மெஷின் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள், சார் வெளியூர் போன நாட்களில் டிரைவில் சிவப்பு எக்ஸ் வந்தால் பெரும்பாலும் அதுதான்.

டேலிக்கு வருகிறேன். இசட் தெரியாத நேரங்களில் அதை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படித் திறந்த எந்த மென்பொருளும், சாதாரணமாக நீங்கள் மேப் செய்த டிரைவைப் பார்க்காது. ஒரே ஆள் என்றாலும் விண்டோஸ் அதை வேறொரு லாகினாக வைத்துக்கொள்கிறது. சாதாரணமாகத் திறந்தாலே போதும். அது முடியாத மென்பொருள் என்றால் டேட்டா இருக்கும் இடத்தை இசட் என்று கொடுக்காமல், இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சர்வர் பெயரும் ஷேர் பெயருமாக முழுப் பாதையைக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்வதை நேரடியாக ஃபோல்டருக்கு அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் அதுவும் நின்றுபோகும். அதற்கென ஒரு தனிக் கணக்கு போட்டு, ஸ்கேன் ஃபோல்டரில் மட்டும் மாடிஃபை கொடுங்கள். மெஷின் ரொம்பப் பழசாகி எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது என்றால், ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மெஷினுக்காக சர்வரில் அதைத் திறக்க வேண்டாம்.

சாரிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. எல்லா வாடிக்கையாளர் ஃபைலும் இருக்கும் மெஷினே அதில் ஓடுவது சரியில்லை. விண்டோஸ் 11 ப்ரோவுக்கு மாறினாலும் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்வரை தாங்கும், உங்கள் ஆபீசுக்கு அது தாராளம். முடிந்தால் சர்வரை சார் மேசையிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். அவர் மெயிலில் வரும் தப்பான ஒரு இணைப்பைத் திறந்தாலும் மொத்த ஆபீசும் அதில் மாட்டாது.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை ஆட்கள் வேலையைத் தொடங்கியதும் செஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும், கெஸ்ட் பத்தியில் 'நோ' என்று இருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவர் கணக்கை உடனே நீக்காமல் டிசேபிள் மட்டும் செய்யுங்கள். நீக்கிவிட்டால் அவர் பெயர் தப்பித்தவறி எந்த ஃபோல்டரில் இருந்ததோ அங்கே பெயருக்குப் பதில் ஒரு நீண்ட எண்தான் நிற்கும், அது யாருடையது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. அந்த வரிகளையெல்லாம் எடுத்தபின் கணக்கை நீக்கிக்கொள்ளலாம்.